உருவமும் உண்மையும்: ‘த மெசேஜ்’ என்னும் ராப் பாடலின் ஆக்கமும் அரங்கும்

ஒரு கலைப்படைப்பு மக்கள் வாழ்வைப் பிரதிபலிக்கின்றது என்று கூறுவதோடு திறனாய்வாளன் கடமை முடிந்துவிடுவதில்லை. வாழ்விலுள்ள துன்பம் யாவர்க்கும் கண்கூடு. அதனைக் கூறும் பாட்டுக்களும் எண்ணில. அவற்றுள் ஒன்று கேட்போர் உள்ளத்தில் நின்று நிலைப்பதும், ஏனையவை மறக்கப்படுவதும் எதனால் என்பதே ஆராயற்பாலது. இவ்வினாவிற்கு விடை காண முயல்வார்க்கு ஐக்கிய அமெரிக்காவிலே 1982 யூலையில் வெளியான ‘த மெசேஜ்’ என்னும் ராப் பாடல் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். ‘செய்தி’ என்பது அப்பெயரின் பொருள். ‘கிராண்ட்மாஸ்டர் பிளாஷும் பியூரியஸ் பைவும்’ என்ற குழுவின் பெயரால் அது வெளிவந்தது. காத்துப் பேணுதற்குரிய ஒலிப்பதிவுகள் ஐம்பதினை அமெரிக்கப் பாராளுமன்ற நூலகம் 2002ஆம் ஆண்டில் முதன்முதலாகத் தெரிந்தெடுத்தபோது, அவற்றுள் இடம்பெற்ற ராப் பாடல் இஃதொன்றே.

தாளத்திற்கு இயையச் சொற்களை விரைந்துரைப்பது ராப் ஆகும். தமிழிலே இதனைச் சொல்லிசை என வழங்குவாரும் உளர். இது பாட்டே அன்று என ஒதுக்குவோரும் நம்மிடையே இல்லாமலில்லை. பண்ணமைதி ஒன்றனையே அளவுகோலாகக் கொள்வார்க்கு அவ்வாறு தோன்றுதல் இயல்பே. ஆயின், அசையும் சீரும் தாளத்தின் எவ்விடத்தில் விழுகின்றன, அடியின் ஈற்றில் இயைபு எவ்வாறு அமைகின்றது, மூச்சு எங்கே நிறுத்தப்படுகின்றது என்பனவெல்லாம் செய்யுளின் உறுப்புக்களேயன்றோ? செய்யுளை ஆராயும் முறையால் இதனையும் ஆராய்தல் பொருந்தும்.

இக்கலை அரங்கிலேயே பிறந்தது. 1973 ஓகஸ்ட் 11ஆந் திகதி, நியூயோர்க் மாநகரின் புறொங்ஸ் பகுதியில், செஜ்விக் வீதி 1520ஆம் இலக்கக் குடிமனையின் பொதுமண்டபத்திலே, யமேக்காவிற் பிறந்த கூல் ஹேர்க் என்னும் இளைஞர் தம் தங்கை நடத்திய கேளிக்கையில் இசைத்தட்டுக்களை இயக்கினார். அந்நாளையே இக்கலையின் பிறந்தநாளாகக் கொண்டாடுவர். நடனப் பாட்டுக்களின் இடையிலே, குரலும் பிற கருவிகளும் அடங்கத் தாளவொலி மாத்திரம் தனித்து நிற்கும் சில கணங்கள் உண்டு. ஆடுவோர் அக்கணங்களையே ஆவலோடு எதிர்நோக்குவதை ஹேர்க் கண்டார். ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை இரண்டு சுழலிகளில் வைத்து, ஒன்று முடிய மற்றொன்றைத் தொடங்கி, சில கணங்களைப் பல நிமிடங்களாக நீட்டினார்.

அவர் தொடங்கியதைத் திருத்தமுறச் செய்தவர் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் எனப் பெயர்கொண்ட ஜோசப் சாட்லர். பாபடோஸ் தீவிற் பிறந்து புறொங்ஸிலே வளர்ந்த இவர், தொழிற்கல்விப் பாடசாலையொன்றில் மின்னணுவியல் பயின்றவர். இசைத்தட்டின்மேற் குறியிட்டும், கூட்டத்தார் கேளாவண்ணம் காதொலிக்கருவியால் முன்னரே கேட்டும், தாளம் சிறிதும் பிறழாது ஒரு தட்டிலிருந்து மறுதட்டிற்கு மாறும் வித்தையை இவர் வகுத்தார். அவர் அருகே ஒலிவாங்கியைப் பிடித்துக் கூட்டத்தை ஊக்கிப் பேசியோர் ஐவர்: கவ்போய், மெலி மெல், கிட் கிறியோல், ஸ்கோர்ப்பியோ, றஹீம் என்போர். இவர்தம் சொற்கள் முதலில் ஆட்டத்தின் பொருட்டே எழுந்தவை. தம்மைப் புகழ்தல், இயக்குவோனைப் புகழ்தல், கூட்டத்தாரை வினவி அவர்தம் மறுமொழியைப் பெறுதல் என்பனவே அவற்றின் பொருள். அரங்கின் நாயகன் இசைத்தட்டை இயக்குவோனே. பாடுவோர் அவனுக்குத் துணைவர். இந்நிலையை நாம் மனங்கொள்ளுதல் வேண்டும். பின்னர் நிகழ்ந்த மாற்றத்தின் அளவை இதனாலேயே உணரலாகும்.

அவ்வரங்கைச் சூழ்ந்திருந்த நகரோ அழிந்துகொண்டிருந்தது. பெருவீதியொன்று 1948 முதல் 1972 வரை புறொங்ஸின் ஊடே வெட்டி அமைக்கப்பட்டபோது குடியிருப்புக்கள் பல சிதைந்தன. 1975ஆம் ஆண்டில் நியூயோர்க் நகராட்சி வங்குரோத்து நிலையை எட்டிப்பிடித்தது. 1970ஆம் ஆண்டிற்கும் 1980ஆம் ஆண்டிற்கும் இடையில் அங்குள்ள ஏழு குடிசன மதிப்பீட்டுப் பிரிவுகள், தீயினாலும் கைவிடப்பட்டமையினாலும், தம் கட்டிடங்களில் நூற்றுக்கு 97இற்கு மேற்பட்டவற்றை இழந்தன. இத்தகைய சூழலிலே எழுந்த அரங்கில் இத்துன்பங்களைப் பற்றிய சொற்கள் பெரும்பாலும் இடம்பெறவில்லை என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆழ்ந்து நோக்கின் வியப்பில்லை. துன்பத்தை ஓரிரவேனும் மறத்தற்கு வந்த கூட்டத்தினர்க்கு அதனையே மீட்டும் எடுத்துக்காட்டுதல் எவ்வாறு தகும்?

1979ஆம் ஆண்டு இக்கலையின் வரலாற்றில் ஒரு திருப்பம் ஆகும். நியூ ஜேர்சி மாநிலத்தின் எங்கிள்வூட் நகரில் சுகர்ஹில் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய சில்வியா றொபின்சன் அம்மையார், புறொங்ஸ் அரங்குகளில் அறியப்படாத மூவரைத் திரட்டி, ‘ராப்பர்ஸ் டிலைற்’ என்னும் பாடலை வெளியிட்டார். அது அமெரிக்கப் பொதுப் பட்டியலில் 36ஆம் இடம் வரை சென்றது. அரங்கிலே இரவு முழுவதும் நீண்ட கலை, சில நிமிடங்களுள் அடங்கி விலைக்கு விற்கும் பண்டமாயிற்று. இன்னொரு மாற்றமும் உடனிகழ்ந்தது. அப்பாடலுக்கு இசை தந்தது சுழலியன்று. கூலிக்கு அமர்த்தப்பட்ட வாத்தியக்காரரே முன்னர் வெளிவந்த பாட்டொன்றின் தாளத்தை மீள வாசித்தனர். இசைத்தட்டை இயக்குவோன் இல்லாமலே ராப் இயலும் என்பது இதனாற் புலனாயிற்று. பிளாஷின் குழு சுகர்ஹில்லிற் சேர்ந்த பின், அவருடைய கைத்திறனை முழுமையாகப் பதிவு செய்த தட்டொன்று 1981இல் வெளிவந்தது உண்மையே. ஆயினும் அது விதிவிலக்காகவே நின்றுவிட்டது.

‘த மெசேஜ்’ இவ்வொலிப்பதிவுக்கூடத்திலேயே உருவாயிற்று. அதன் முதல் ஆசிரியர் குழுவைச் சேர்ந்தவர் அல்லர். சுகர்ஹில் வாத்தியக்காரருள் ஒருவராய்த் தாளக்கருவி இசைத்தவரும், டியூக் பூட்டி என்னும் பெயர் பூண்டவருமாகிய எட் பிளெச்சரே அவர். நியூ ஜேர்சியின் எலிசபெத் நகரத்தவரான இவர், தம் வீட்டிலிருந்தவாறே இதன் கருவையும் பெரும்பகுதி அடிகளையும் அமைத்தார். சில்வியா றொபின்சன் அதன் தகுதியை உணர்ந்து குழுவினரிடம் கொடுத்தபோது, அவர்கள் விரும்பினாரல்லர். மெலி மெல் ஒருவரே ஈற்றில் இசைந்தார். ஆகவே பதிவிலே பாட்டின் அடிகளை உரைப்பன பிளெச்சர், மெலி மெல் என்னும் இருவர் குரல்களே. இசையமைப்பிற் பங்குகொண்டவர் ஜிக்ஸ் சேஸ் என்பார். குழுவின் ஏனையோர் குரலைப் பாட்டு முடிந்தபின் வரும் சிறு நாடகக் காட்சியில் மட்டுமே கேட்கிறோம். யார் பெயர் தட்டின்மேல் முதலிற் பொறிக்கப்பட்டதோ அந்தப் பிளாஷின் கைத்திறன் அதில் எவ்விடத்தும் இல்லை.

குழுவினர் விரும்பாமையை அறியாமை எனச் சிலர் இகழ்வர். அது பொருந்தாது. கூட்டத்தாரின் மனத்தை நன்கறிந்த கலைஞரின் மதிப்பீடு அது. ஆட்டத்திற்கு ஏற்ற விரைவு இதில் இல்லை, கேட்போரை விளித்து ஆர்ப்பரிக்கச் செய்யும் கூற்றுக்கள் இல்லை, பெருமிதம் இல்லை. அரங்கின் இலக்கணத்தால் அளந்தால் இப்பாட்டு குறைபாடுடையதே. அவர்கள் அளந்த கோல் பிழையன்று. அளக்கப்பட்ட பொருள் வேறோர் இனத்தைச் சேர்ந்ததாயிற்று என்பதே உண்மை. இது ஆடும் கூட்டத்திற்கு உரைக்கப்பட்டதன்று. தனித்திருந்து கேட்கும் ஒருவனுக்கு மற்றொருவன் சொல்வது.

இனிப் பாட்டின் அமைப்பை நோக்குவோம். ஏழு நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட இப்பாட்டில் தாளம் மெதுவாகவும் இடைவெளிகள் மிகுந்தும் செல்கின்றது. சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியில் எழும் குறுகிய சுரத்தொடரொன்று திரும்பத் திரும்ப வருகின்றது. அது வளர்வதுமில்லை, முடிவுறுவதுமில்லை. பாட்டினுள் வாழ்வோர்க்கு வழி திறவாமையை இசை தானே உணர்த்துகின்றது எனலாம். நகரைக் காட்டிற்கு ஒப்பிடுவதும், தன் பொறுமையின் எல்லையைக் குறித்து எச்சரிப்பதுமாகிய பல்லவிகள் இடையிடையே வருகின்றன. அவற்றோடு சேர்ந்தெழும் நகைப்பொலி மகிழ்ச்சியால் விளைந்ததன்று. அழவும் இயலாதவன் நகைப்பு அது.

முற்பகுதிச் சரணங்களிற் பேசுபவன் தன்மை இடத்தில் நிற்கின்றான். உடைந்த கண்ணாடியும், படிக்கட்டின் துர்நாற்றமும், எலியும் கரப்பானும் நிறைந்த வீடும், கடன்காரர் பறித்துச் சென்ற மோட்டார் வண்டியும், விலைவாசி ஏற்றமும், புகையிரத நிலையத்து வேலைநிறுத்தமும், பள்ளி செல்ல மறுக்கும் மகனும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இவை யாவும் சிறியன. ஒன்றுக்கொன்று காரணமாக இவற்றைத் தொடுத்துக் காட்டவோ, தீர்வு கூறவோ பாட்டு முற்படவில்லை. இவ்வடுக்கினாலேயே பாரம் ஏறுகின்றது. பொறுப்பவன் ஒருவன், பொறுக்கப்படுவனவோ பல என்னும் உணர்வு கேட்போனிடத்துத் தானே விளைகின்றது.

இறுதிச் சரணத்திலே இடம் மாறுகின்றது. குழந்தையொன்று பிறப்பது படர்க்கையிற் கூறப்பட்டு, விரைவில் முன்னிலையாக மாறுகின்றது. கேட்பவனே அக்குழந்தையாகிவிடுகின்றான். அவன் வளர்கின்றான், பள்ளியை விடுகின்றான், களவிற் புகுகின்றான், சிறைப்படுகின்றான், ஈற்றிலே சிறையறையில் தூக்கில் தொங்கக் காணப்படுகின்றான். ஓர் ஆயுள் முழுவதும் சில பத்து அடிகளுள் அடங்குகின்றது. கண்களைப் பற்றிய உருவகம் ஒன்று இச்சரணத்தில் இருமுறை வருகின்றது. முதலில் அது பகைமையைக் குறிக்கின்றது, இறுதியிலோ துயரை. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்டதே அவன் வாழ்வு. இத்தகைய கட்டுக்கோப்பு தற்செயலாக அமைவதன்று.

இவ்விடத்தில் ஒரு செய்தி பெரிதும் கருதத்தக்கது. இவ்விறுதிச் சரணம் ‘த மெசேஜ்’ பாட்டிற்கென எழுதப்பட்டதன்று. மெலி மெல் அதனை முன்னரே இயற்றியிருந்தார். குழுவினர் 1979இல் என்ஜோய் என்னும் வேறொரு நிறுவனத்திற்குப் பாடிய ‘சூப்பர்ராப்பின்’ என்னும் நீண்ட பாட்டிலே அச்சரணம் இடம்பெற்றுள்ளது. அங்கே அது விரைந்த ஆட்டத் தாளத்தின்மேல், தற்புகழ்ச்சியும் வேடிக்கையும் நிறைந்த பல கூற்றுக்களின் நடுவே வந்து போகின்றது. கேட்போர் அதனைப் பெரிதாகக் கருதினாரல்லர். சொற்கள் ஏறத்தாழ அவையே, பாடியவரும் அவரே, புறொங்ஸின் வறுமையும் அதுவே. மூன்றாண்டுகளின் பின் அச்சொற்களே ஒரு பாட்டின் உச்சமாகி, உலகெங்கும் கேட்கப்பட்டன.

வேறுபாடு எங்கே உள்ளது? முதலாவது, நடையில். மெதுவான தாளம் ஒவ்வோர் அடியின் பின்னும் சிந்தனைக்கு இடமளித்தது. இரண்டாவது, வைப்பு முறையில். பிளெச்சர் அமைத்த சிறு துன்பங்களின் வரிசை முன்னே செல்ல, அவற்றின் விளைவாகச் சிறுவனின் மரணம் பின்னே வருகின்றது. காரணம் வெளிப்படக் கூறப்படாமலே காரியம் புலனாகின்றது. மூன்றாவது, குரலில். ஆர்ப்பரித்துப் பழகிய மெலி மெல் ஈண்டுத் தம் குரலை அடக்கிக்கொள்கின்றார். கூட்டத்தைக் கட்டியாளும் வலிமை வாய்ந்த குரல் அடங்கி ஒலிக்கும்போது, அவ்வடக்கமே பொருளுடையதாகின்றது.

ஆகவே, இப்பாட்டு உண்மை வாழ்வைக் கூறியதனாற் சிறந்தது என்பார் கூற்று அரைப்பங்கே உண்மையாகும். அவ்வுண்மை 1979லேயே கூறப்பட்டுவிட்டது. பொருள் தனக்குரிய உருவத்தை அடைந்தபோதே அது கேட்கப்பட்டது. உள்ளடக்கம் சிறந்தால் உருவம் எவ்வாறாயினும் ஆகுக என்பாரும், உருவமே கலை, பொருள் யாதாயினும் ஆகுக என்பாரும் ஒருங்கே சிந்திக்கவேண்டிய இடம் இது. இசையை மட்டும் பிரித்தெடுத்தால் யாது நிகழும் என்பதற்கும் சான்று உண்டு. 1997ஆம் ஆண்டில் பப் டாடி என்பார் இப்பாட்டின் இசையைத் தம் பாடலொன்றிற்கு அடித்தளமாக்கினார். அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஆயின் அப்பாடலின் பொருள் வெற்றிப் பெருமிதமே. வழியடைபட்டவர் துயரை உணர்த்திய அதே சுரத்தொடர், சொல் மாறியதும் செல்வச் செருக்கிற்குத் துணையாயிற்று. முன்னையது சொல்லிருந்தும் உருவம் பெறாமைக்கு எடுத்துக்காட்டு; பின்னையது இசையிருந்தும் பொருள் இழந்தமைக்கு எடுத்துக்காட்டு.

இனி, இப்பாட்டு மீண்டும் அரங்கேறியபோது நேர்ந்ததை ஆராய்வோம். அமெரிக்கக் கறுப்பின இசைப் பட்டியலில் 4ஆம் இடத்தையும் பொதுப் பட்டியலில் 62ஆம் இடத்தையும், பிரித்தானியாவில் 8ஆம் இடத்தையும் அது பெற்றது. இதற்கு ஓராண்டின் முன், 1981இல், நியூயோர்க் பொண்ட்ஸ் அரங்கிலே ‘த கிளாஷ்’ என்னும் ஆங்கிலேயக் குழுவின் நிகழ்ச்சிக்கு முன்னோடியாகத் தோன்றிய பிளாஷ் குழுவினரை, அங்கு வந்திருந்தோர் கூச்சலிட்டும் கைக்கு அகப்பட்டவற்றை எறிந்தும் அவமதித்தனர். தம் ஊர்க் கூட்டத்தை ஆட்டிவைத்த கலை வேற்றுக் கூட்டத்தின்முன் செல்லுபடியாகவில்லை. ‘த மெசேஜ்’ அந்நிலையை மாற்றிற்று. ஆட்டத்தில் நாட்டமில்லாதாரும் அமர்ந்து கேட்கத்தக்க சொல் அதில் இருந்தது.

ஆயின் அவ்வெற்றிக்குக் குழு கொடுத்த விலை சிறிதன்று. பாடாதவர்கள் பாடியவர்களாகத் தோன்றவேண்டியதாயிற்று. பாட்டிற்கென எடுக்கப்பட்ட திரைக்காட்சியில் பிளெச்சரின் குரலுக்கு வாயசைப்பவர் றஹீம். அதனிலும் வருந்தத்தக்கது பிளாஷின் நிலை. தாமே வளர்த்த கலையின் மிகப் புகழ்பெற்ற பாட்டிலே அவருக்குச் செய்தற்கு ஒன்றுமில்லை. நாயகன் துணைவனாயினான், துணைவர் நாயகராயினர். 1983இல் அவர் சுகர்ஹில்லை விட்டு நீங்கி, ஊதியப் பங்கையும் பெயருரிமையையும் கோரி வழக்குத் தொடுத்தார். குழு இரண்டாகப் பிரிந்தது. உழைப்பு ஒருவரதும் பெயர் மற்றொருவரதும் ஆகுமிடத்துப் பிணக்கு எழாதிருத்தல் அரிது. பிளெச்சரோ தட்டின் முகப்பிற் பெரிதும் அறியப்படாதவராகவே இருந்து, பின்னாளில் ஆசிரியத் தொழில் புரிந்து, 2021 சனவரியிற் காலமானார்.

2007ஆம் ஆண்டில் றொக் இசைப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற முதல் ராப் குழு என்னும் சிறப்பு இவர்களுக்குக் கிட்டியது. ராப் கலையின் ஐம்பதாண்டு நிறைவை ஒட்டி 2023 பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சல்ஸில் நடைபெற்ற கிறாமி விருது விழாவிலே பிளாஷ், மெலி மெல், றஹீம், ஸ்கோர்ப்பியோ ஆகியோர் மேடையேறி இப்பாட்டை நினைவூட்டினர். பல்வேறு கலைஞரின் பாடல்களைத் தொகுத்தளித்த அந்நிகழ்ச்சியில் ஏழு நிமிடப் பாட்டிற்கு முழு இடம் கிடைத்தல் இயலாது. சில அடிகள் ஒலித்த மாத்திரத்தே அவையோர் மகிழ்ந்தனர். முதியோர்க்குச் செலுத்தும் மரியாதை என்னும் வகையில் அது போற்றத்தக்கதே. ஆனால் வரிசையும் முடிவுமே உயிராகவுள்ள ஒரு பாட்டு, துணுக்காக்கப்பட்டபோது மீண்டும் கேளிக்கைப் பொருளாகிவிட்டது. 1982இல் குழுவினர் அஞ்சியதும் இதனையே எனக் கொள்ளல் தகும்: அரங்கு தனக்கு வேண்டியதையே எடுத்துக்கொள்ளும்.

இதனால், ஒலிப்பதிவே உயர்ந்தது, அரங்கு தாழ்ந்தது என்பது எம் கருத்தன்று. மெலி மெல்லின் சரணம் கூட்டங்களின் முன்னே பலகாற் சொல்லிப் பண்பட்டிராவிடின், ஒலிப்பதிவுக்கூடத்தில் அவ்வளவு உறுதியோடு அடங்கி ஒலித்திராது. பிளெச்சரின் தனிமை இல்லாவிடின், அச்சரணம் வேடிக்கைக் கூற்றுக்களிடையே புதைந்தே கிடந்திருக்கும். அரங்கு தந்த மூச்சும் தனிமை தந்த ஒழுங்கும் ஒரு முறை சந்தித்தன. அச்சந்திப்பை நிகழ்வித்த சில்வியா றொபின்சன் அம்மையாரின் பிடிவாதத்திற்கும் இதில் உரிய பங்கு உண்டு. அவர் நிறுவனம் கலைஞரை நடத்திய முறைபற்றி எழுந்த வழக்குக்கள் அதனை மறைத்துவிடக் கூடாது.

இப்பாட்டைக் கேட்க விழைவோர் தொகுப்புக்களிலும் விழாக்களிலும் வரும் துணுக்குகளோடு அமையாது, 1982ஆம் ஆண்டின் முழுப் பதிவைத் தொடக்கம் முதல் கேட்பாராக. அதன்பின் ‘சூப்பர்ராப்பின்’ பாட்டிலே அதே சரணம் வருமிடத்தைத் தேடிக் கேட்பாராக. ஒரே சொல் ஓரிடத்திற் பேச்சாகவும் மற்றோரிடத்திற் கவிதையாகவும் நிற்பதை அவர் தம் செவியாலேயே அறிந்துகொள்வர்.